வளைவில் செருமும் வண்டிகள்

எல்லையைக் கடக்கும் லாரி ஓட்டுநர்கள் எல்லோருக்கும் அவள் புகையக்கா. அரசாங்கம் அவளுக்குக் கொடுத்திருந்த பதவியின் பெயர் இதைவிட நீளமானது. அதை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு லாரியையே சோதித்து அனுப்பிவிடலாம் என்பார், தடுப்புக் கம்பத்தை ஏற்றி இறக்கும் கம்பத்துக்காரர்.

வேலை என்னவோ சொல்வதற்கு எளியதுதான். நீண்ட குழலின் நுனியை லாரியின் புகைபோக்கிக்குள் செருகிவிட்டு, ஓட்டுநரைப் பார்த்துக் கையை உயர்த்துவாள். அவர் ஆக்சிலேட்டரை அடிவரை மிதிப்பார். வண்டி உறுமும். குழலின் மறுமுனையில் இருக்கும் பெட்டி, வந்த புகையின் கருமையை அளந்து பச்சை விளக்கையோ சிவப்பு விளக்கையோ எரியவிடும். பச்சை எரிந்தால் கம்பம் உயரும். சிவப்பு எரிந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அங்கே கெஞ்சலுக்கும் இடமில்லை, கண்ணீருக்கும் இடமில்லை.

இரண்டு நாடுகளும் தாராள வணிகத்துக்கு ஒப்பந்தம் போட்டபோது வரி, அனுமதி, காத்திருப்பு என்று எல்லாத் தடைகளும் போயின. மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த அவளுடைய ஊர் மட்டும் விடாப்பிடியாக நின்று இந்த ஒரு சோதனையைக் காப்பாற்றியது. சரக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போகட்டும், கரியைக் கக்கும் வண்டி எங்கள் தெரு வழியாகப் போகக் கூடாது என்றார்கள். அந்தச் சோதனைதான் இப்போது ஆட்டம் கண்டிருந்தது. எல்லைக்கு மேலே, அடுத்த நாட்டின் மலைப்பக்க வணிகர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். தங்கள் வண்டிகளுக்கே அதிகம் சிவப்பு எரிகிறதென்றும், இது சோதனை என்ற பெயரில் போட்ட வேலி என்றும் அவர்கள் சொன்னார்கள். இரு நாடுகளின் கூட்டு ஆணையத்திலிருந்து ஓர் அதிகாரி வரப்போகிறார். புகார் உண்மை என்று அவர் கண்டால் பெட்டியையும் குழலையும் மூட்டை கட்ட வேண்டியதுதான். பிறகு எந்த வண்டியும் எப்படியும் வரலாம்.

புகையக்காவுக்கு உறுத்தலாக இருந்தது ஒன்றுதான். புகார் பொய்யில்லை. அவள் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தாள். அதே குழல், அதே பெட்டி, அதே கை. ஆனாலும் கீழேயிருந்து ஏறிவரும் தன் ஊர் வண்டிகளுக்குப் பச்சையும், மேலேயிருந்து இறங்கிவரும் மலைப்பக்க வண்டிகளுக்குச் சிவப்பும் எரிவது ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அன்று காலையிலும் அதுவே நடந்தது. எல்லைக்கோடு நாட்டைப் பிரித்திருந்ததே தவிரப் பேச்சைப் பிரிக்கவில்லை. ஆதலால் சிவப்பைக் கண்ட மலைப்பக்க ஓட்டுநர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வாய்க்கு வந்ததையெல்லாம் பேச முடிந்தது.

"அக்கா, உள்ளே என்ன சரக்குன்னு பாத்தீங்களா? மரக்கன்னு. உங்க ஊர் ரோட்டோரமா நடறதுக்குத்தான் வாங்கியிருக்காங்க. புகையைத் தின்னுற ஜாதின்னு சொல்லிக் கேட்டு வாங்கினாங்களாம்."

"அப்படின்னா முதல்ல உங்க வண்டிப் புகையைத் தின்னட்டும்."

"அதுங்க குழந்தைங்கக்கா. இன்னும் பல்லே முளைக்கல." அவர் சிரித்தார். ஆனால் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. "போன வாரம்தான் எங்க ஒர்க் ஷாப்புல இதே மாதிரி மெஷின்ல வச்சுப் பாத்தோம். பச்சை. இங்க வந்தா சிவப்பு. எங்க நம்பர் பிளேட்டைப் பாத்தாலே உங்க மெஷினுக்கு ரத்தம் கொதிக்குது போல."

"மெஷினுக்கு நம்பர் பிளேட் தெரியாதுங்க."

"இன்னொரு தடவை வச்சுப் பாருங்களேன்."

"ஒரு வண்டிக்கு ஒரு தடவைதான். விதி."

"விதிதான் அக்கா. எங்க தலைவிதி."

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு மலையேறத் தொடங்கினார். புகையக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். சற்று முன்பு பெட்டியே கறுத்துப்போகும்படி கக்கிய அந்தப் புகைபோக்கியில் இப்போது புகையே இல்லை. சுமையோடு மேடேறும் வண்டி இன்னும் மோசமாக அல்லவா கக்க வேண்டும்? கன்றுகளின் இளம்பச்சைத் தலைகள் தார்ப்பாயின் இடுக்கில் ஆடிக்கொண்டே போய் மறைந்தன.

மதியம் அண்ணி போன் செய்தாள்.

"கால் பிசகிடுச்சும்மா. மாடிப்படியில தண்ணி கிடந்துச்சு, பாக்கல. பக்கத்து வீட்டுக்காரங்க கட்டு போட்டுட்டாங்க. கால் கிடக்குது, விடு. மேலே துணி காயுது. யாராவது எடுக்கணுமே."

அண்ணனும் அண்ணியும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஊரின் கடைசி வளைவில், எல்லைக்கு ஏறும் சாலையை ஒட்டிய வீடு. அண்ணன் லாரி ஓட்டினார். ஓட்டுநர்கள் தங்கும் லாட்ஜுகளுக்கு அண்ணி படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்தாள். கீழே இரண்டு பெரிய வாஷிங் மெஷின்கள், மேலே மொட்டைமாடி நிறையக் கொடிக்கயிறுகள். வெள்ளை விரிப்பு என்று சொல்லிச் சாம்பல் விரிப்பைக் கொடுக்கிறீர்களே என்று லாட்ஜ்காரர்கள் சில மாதங்களாக முகம் சுளிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

கம்பத்துக்காரரின் உதவியாளரிடம் குழலைக் கொடுத்துவிட்டுப் புகையக்கா வீட்டுக்கு இறங்கி வந்தாள். வேலை நாளின் நடுப்பகலில் அவள் தன் வீட்டைப் பார்ப்பதே அதுதான் முதல் தடவை. முதல் லாரி வருமுன் போய்விடுவாள், கடைசி லாரி போன பின்தான் திரும்புவாள். அவளுடைய விடுமுறையன்று எல்லைக்கே விடுமுறை, சாலையில் ஒரு லாரியும் இராது. அவள் அறிந்திருந்த தெரு, கிளிப்பேச்சு கேட்கும் அளவுக்கு அமைதியான தெரு.

"எல்லாம் அந்த மலைப்பக்கத்து வண்டிங்க பண்ற வேலை. நீ பச்சை விளக்கு போட்டு அனுப்புற பாரு, அதுங்கதான்" என்று கட்டிலில் காலை நீட்டியிருந்த அண்ணி வரவேற்றாள்.

"இறங்குற வண்டி இவ்வளவு கக்காது அண்ணி."

"அப்போ என்ன, நானே அடுப்புக்கரியைப் பூசி வைக்கிறேனா?"

மாடிக்குப் போன புகையக்கா முதல் விரிப்பை உருவினாள். மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் அதன்மேல் கரும்புள்ளிகள். விரலால் தொட்டால் பொட்டு, துடைத்தால் கோடு. அப்போதுதான் கீழேயிருந்து ஒரு லாரி ஏறி வந்தது. வளைவில் திரும்பியது. திரும்பியதும், போகவேண்டிய அவசரம் எதுவும் இல்லாததுபோல், ஓரமாக நின்றது. நின்றபடியே உறுமியது. ஒரு முறை, இரண்டு முறை, பிறகு அடிவரை மிதித்த நீண்ட உறுமல். புகைபோக்கியிலிருந்து கரியெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்து மேலெழுந்தது. கடைசியில் நிறமற்ற வெப்பம் மட்டும் நடுங்கியது. ஓட்டுநர் கண்ணாடியில் அதைப் பார்த்துத் திருப்தியடைந்தவராகக் கியரைப் போட்டு, சோதனைச் சாவடியை நோக்கி ஏறினார்.

அடுத்த வண்டியும் நின்றது. அதுவும் உறுமியது. அதற்கடுத்ததும் அப்படியே.

காலையில் மலையேறிய புகைபோக்கி ஏன் சுத்தமாக இருந்தது என்பது புகையக்காவுக்கு இப்போது புரிந்தது. அவளுடைய குழலுக்குள்தான் அது தன் கரியைக் கக்கித் தீர்த்திருந்தது. நெடுந்தூரம் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இறங்கி வரும் வண்டியின் குழாயில் கரி படிகிறது. அது அந்தக் கரியோடு வந்து அவளிடம் அகப்பட்டுக்கொள்கிறது. ஏறி வரும் வண்டிகளோ இந்த வளைவில் தொண்டையைச் செருமித் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்த பிள்ளைகளைப்போல் அவள் முன்னால் வந்து நிற்கின்றன. தெருவைக் காக்க வந்த சோதனைதான் தெருவில் கரியை இறைத்துக்கொண்டிருந்தது.

கதவு நசுங்கிய பச்சை லாரி ஒன்று வளைவில் திரும்பியது. அந்த நசுங்கலை அவள் சிறு வயதிலிருந்தே அறிவாள். வண்டி நின்று, உறுமி, கக்கியது. கண்ணாடியில் எட்டிப் பார்த்த ஓட்டுநர், ஏதோ தோன்றியவராக மேலேயும் பார்த்தார். மொட்டைமாடியில் வெள்ளை விரிப்பைக் கையில் ஏந்தியபடி தங்கை நின்றிருந்தாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே கரும்புகை சற்று நேரம் நின்றது. பிறகு மெதுவாக விரிப்பின்மேல் இறங்கியது.

அன்று மாலை அண்ணன் வழக்கத்தைவிட மெதுவாகக் கால் கழுவினார். புகையக்கா விரிப்பை அவர் முன்னால் விரித்தாள்.

"இதுல என்ன இருக்கு?" என்றார் அண்ணன். "நாலு பேர் முன்னாடி பேசப்போறவன் தொண்டையைச் சரிபண்ணிக்கிறதில்லையா? அது மாதிரிதான்."

கட்டிலிலிருந்து அண்ணியின் தலை உயர்ந்தது. "என்னங்க? யாரு தொண்டையை?"

"வண்டியோட தொண்டையைச் சொல்றேன்."

"வளைவுல நின்னு கனைக்கிறதெல்லாம் நம்ம ஊரு வண்டிங்களா? நான் மெஷின் பக்கத்துலயே கிடக்கேன், சத்தம் மட்டும்தானே கேட்டேன்."

"மேடு ஏறிவந்த வண்டி நின்னு மூச்சு வாங்காதா?"

"மூச்சு வாங்குதா, என் துணிமேல துப்புதா?" அண்ணி எழுந்திருக்க முயன்று, கால் நினைவுக்கு வந்து உட்கார்ந்தாள். "இத்தனை நாளா அந்தப் பக்கத்துக்காரங்களை நான் விடிஞ்சு எழுந்ததும் சபிச்சேனே. அதெல்லாம் யாரு தலையில போய் விழுந்துச்சு?"

"என் தலையிலதான். அதான் முடி இப்படிக் கொட்டுது."

வேறொரு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள். அண்ணி விரிப்பை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு புள்ளியாக விசாரிப்பதைப்போல் இருந்தது அந்தப் பார்வை.

"அண்ணா, அதிகாரி நாளைக்கு வர்றாங்க" என்றாள் புகையக்கா.

"வரட்டும். நீ ஒண்ணும் பாக்கல."

"பாத்துட்டேனே."

"பாத்ததைச் சொல்லிட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா? சோதனையே பொய்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அப்புறம் அந்தப் பக்கத்துல ஒதுக்கித் தள்ளின கரியடுப்பு வண்டியெல்லாம் நம்ம தெருவுக்குள்ள வரும். உங்க அண்ணி விரிப்பை விடு, நம்ம மூஞ்சியே நமக்கு அடையாளம் தெரியாது."

"சொல்லலைன்னா அந்த ஆளுங்க நியாயமில்லாம திரும்பிப் போறாங்க. இன்னைக்குக் காலையிலயும் ஒருத்தரை அனுப்பினேன்."

"அவங்களுக்கு ஒரு வளைவு இருந்தா அவங்களும் செய்வாங்க. அவங்க பக்கம் இறக்கம். அதுக்கு நான் என்ன பண்றது? மலையை நானா கொண்டுவந்து வச்சேன்?" அவர் குரல் தணிந்தது. "நாங்க பழைய வண்டிக்காரங்கம்மா. செருமாம போனா பாதிப் பேருக்குச் சிவப்புதான். சரக்கெல்லாம் அவங்க கைக்குப் போயிடும். சொந்த அண்ணன் வயித்துல அடிச்சுட்டுத்தான் நியாயம் பேசணுமா?"

பதில் சொன்னவள் அண்ணிதான், அதுவும் விரிப்பைப் பார்த்தபடி. "துணியைத் துவைச்சுக் குடுங்க. என்னால நிக்க முடியாது."

அண்ணன் எழுந்து துவைக்கப் போனார்.

ஆணையத்து அதிகாரி நடுவயதுப் பெண். குரலை உயர்த்தாமல் பேசினார். வந்தவுடன் கேள்வி கேட்காமல் சாவடி முற்றத்தின் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெயில் தலைக்கு ஏறும் வரை வேடிக்கை பார்த்தார். பெட்டியைத் தானே ஒரு முறை சரிபார்த்தார். கம்பத்துக்காரர் கொண்டுவந்த தேநீரைப் புகையக்காவுக்கும் ஊற்றச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"உங்க வேலையில ஓட்டை இல்லம்மா. மெஷினும் சரியா இருக்கு. ஆனாலும் முடிவு ஒரு பக்கமாவே சாயுது. ஏன்னு எனக்குத் தெரியல. ஏறி வர்றதுக்கும் இறங்கி வர்றதுக்கும் ஏதோ தொடர்பு இருக்கணும்னு மட்டும் தோணுது."

புகையக்கா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"காரணம் இருந்தா திருத்தப் பாக்கலாம். காரணமே இல்லைன்னா, ஒரு பக்கத்து வண்டியை மட்டும் தடுக்கிற சோதனைன்னுதான் நான் எழுதணும். அப்படி எழுதினா இது நிக்காது. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

வரிசையில் மூன்றாவதாகப் பச்சை லாரி நின்றது. அண்ணன் ஸ்டீயரிங்கின்மேல் இரு கைகளையும் போட்டுக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் சோதனை போகும் என்கிறார் அவர், சொல்லாவிட்டால் போகும் என்கிறார் இவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் வீட்டு மாடி கண்முன் வந்து நின்றது.

"தெரியும் மேடம்" என்றாள். "கீழே கடைசி வளைவுல நம்ம ஊர் வண்டிங்க நின்னு கரியைக் கக்கிட்டுத்தான் இங்க வருது. இறங்கி வர்றவங்களுக்கு அப்படி நிக்க இடமில்ல. அதான்."

"யாரு அப்படிச் செய்யறாங்க?"

"எல்லாரும்தான். அதோ அந்தப் பச்சை வண்டி எங்க அண்ணன். அவரும்தான்."

அதிகாரி பச்சை லாரியைப் பார்த்தார். "அண்ணனைச் சொல்லாம விட்டிருக்கலாமே."

"அவர் கக்கினது எங்க வீட்டுத் துணிமேலதான் மேடம் விழுந்துச்சு. அவரை விட்டுட்டு மத்தவங்களை மட்டும் எப்படிச் சொல்றது?"

பிறகு இரவெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்ததைச் சொன்னாள். இரண்டு பக்க வண்டிகளும் இந்த முற்றத்துக்குள்ளேயே, அவள் கண்முன்னாலேயே செருமட்டும். எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். அதன் பிறகு குழலை வைக்கலாம். வளைவில் யாரும் நிற்கத் தேவையிராது.

"அந்தப் புகையெல்லாம் உங்கமேல வரும்."

"எனக்கு முகமூடி இருக்கு மேடம். தெருவுக்கு இல்லையே."

அதிகாரி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "நேரம் பிடிக்கும். வரிசை நீளும். வரிசை நீண்டா அதுவும் வணிகத்துக்குத் தடைன்னு இரண்டு பக்கமும் கத்துவாங்க. ஆணையம் அடுத்த தடவை கூடுற வரைக்கும் செஞ்சு பாருங்க. அதுக்குள்ள வரிசை அடங்கலைன்னா சோதனையை எடுக்கச் சொல்றதைத் தவிர எனக்கு வழி இல்ல."

அன்று அண்ணனின் வண்டிக்குப் பச்சை எரிந்தது. வரும்போதே வளைவில் செருமிவிட்டு வந்திருந்தார். கம்பம் உயர்ந்தபோது அவர் தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புதிய முறை தொடங்கியதும் முற்றம் உலைக்களமாயிற்று. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று, அவள் கைகாட்டியதும் உறுமிக் கக்கின. மாலையில் முகமூடியைக் கழற்றினால் அதன் விளிம்பு கன்னத்தில் கறுப்பாக வரைந்திருக்கும். ஆனால் விளக்குகளின் சாய்வு நின்றுபோனது. மரக்கன்று ஓட்டுநர் மீண்டும் வந்தார். பச்சை எரிந்தது.

"பச்சை வந்துடுச்சு, சந்தோஷம். சரக்குதான் பழுப்பாயிடுச்சு" என்று தார்ப்பாயைத் தூக்கி வாடிய கன்றுகளைக் காட்டினார். அதில் குற்றச்சாட்டு இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

உள்ளூர் ஓட்டுநர்களின் குற்றச்சாட்டில் அப்படி ஐயம் எதுவும் இல்லை. வளைவில் கரி தீரும்வரை உறுமிய பழைய வண்டிகளுக்கு முற்றத்தில் கிடைத்தது அளந்த நேரம் மட்டுமே.

"அக்காவுக்கு மலைப்பக்கத்துல மாப்பிள்ளை பாத்துட்டாங்களா?" என்றார் ஒருவர், சிவப்பு எரிந்ததும்.

"பாத்திருந்தா உங்களையெல்லாம் விருந்துக்குக் கூப்பிடாமலா இருப்பேன்? வண்டியை ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோங்க."

"விருந்து சாப்பிட வயிறு எங்கக்கா இருக்கு? அதுலதான் அடிச்சுட்டீங்களே."

அண்ணன் இரண்டு முறை சிவப்பு வாங்கினார். வண்டியை ஒர்க் ஷாப்பில் விட்டுப் பல நாட்கள் வீட்டில் இருந்தார். அந்த நாட்களில் தங்கையோடு பேசவேண்டியதை எல்லாம் மனைவி வழியாகவே பேசினார். "உன் நாத்தனாருக்கு உப்பு வேணுமான்னு கேளு" என்பார், உப்பு அவர் கைக்கருகில் இருக்கும். அண்ணி இருவருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கமும் முறைத்துவிட்டு, உப்பை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொள்வாள். விரிப்புகள் மட்டும் வெள்ளையாகக் காய்ந்தன. லாட்ஜ்காரர்கள் முகம் மலர்ந்து கூடுதல் துணி அனுப்பினார்கள்.

அதிகாரி சொன்னதுபோலவே வரிசை நீளத் தொடங்கியது. முதலில் சாவடியைத் தாண்டியது. பிறகு ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகச் சரிவில் வழிந்தது. ஒரு முற்பகலில் கம்பத்துக்காரர் கீழே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "வால் உங்க வீட்டுக்கிட்ட போயிடுச்சும்மா" என்றார்.

புகையக்கா குழலைக் கீழே வைத்துவிட்டு வரிசையோரமாக இறங்கினாள். ஒவ்வொரு வண்டியாகக் கதவைத் தட்டினாள்.

"என்ஜினை நிறுத்துங்க. சும்மா நிக்கும்போது எதுக்கு ஓடுது?"

"நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் பண்ணணுமேக்கா."

"பண்ணுங்க. இப்போ நிறுத்துங்க."

முணுமுணுத்தபடியே நிறுத்தினார்கள். அவள் இறங்க இறங்க, பின்னால் அமைதி தொடர்ந்து வந்தது. திரும்பி, சாவடிக்கு மேலே மலைச்சரிவைப் பார்த்தாள். மலைப்பக்க வரிசையில் ஓர் என்ஜினும் ஓடவில்லை. முன்வண்டி நகர்ந்ததும் பிரேக்கைத் தளர்த்துகிறார்கள், வண்டிகள் சத்தமின்றி உருண்டு இறங்குகின்றன. சரிவு அவர்களைச் சுமந்து வருகிறது.

வளைவில், வரிசையின் கடைசியில், பச்சை லாரி நின்றது. பழுது பார்த்து வந்திருந்த அதன் என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மேலே மொட்டைமாடியில் அண்ணி, ஈர விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, கிளிப்பை வாயில் கவ்வியபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நிறுத்து."

பல நாட்களுக்குப் பிறகு அவர் அவளிடம் நேரடியாகப் பேசினார். "அவங்க உருண்டு வர்றாங்க, பாத்தியா? நாங்க ஒவ்வொரு வண்டி தூரத்துக்கும் ஸ்டார்ட் பண்ணி ஏறணும். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஒரு கக்கல். முன்னாடி ஒரு தடவை துப்பிட்டுப் போனோம், இப்போ வரிசை முழுக்க இருமிக்கிட்டே போறோம். இதுக்கு எங்க போய் நியாயம் கேக்கறது? மலைகிட்டயா?"

"தெரியலண்ணா."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை போலும். சற்று நேரம் தங்கையின் கன்னத்தில் இருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். என்ஜின் அடங்கியது.

தெரு, விடுமுறை நாளைப்போல் ஆனது. மேலே அண்ணி கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"போடலாமா?"

"போடுங்க அண்ணி."

விரிப்பு கயிற்றில் விழுந்து, விரிந்து, காற்றை வாங்கியது. அண்ணி ஒரு முனையில் கிளிப்பை மாட்டினாள். அப்போது மேலே, கண்ணுக்கெட்டாத தொலைவில், தடுப்புக் கம்பம் உயர்ந்திருக்க வேண்டும். வரிசையின் தலையில் ஓர் என்ஜின் உயிர்பெற்றது. பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. உறுமல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவில் இறங்கி அவர்களை நோக்கி வந்தன.

அண்ணன் சாவியில் கையை வைத்தார். வைத்தவர் திருப்பாமல் தங்கையைப் பார்த்தார். முன்னால் நின்ற வண்டி கிளம்பியது. பின்னால் வந்து நின்றிருந்தவர் ஹாரனை அழுத்தினார்.

முற்றத்தில் ஓட்டுநர்களுக்குக் காட்டும் அதே கையை, அவள் மாடியை நோக்கி உயர்த்தினாள். அண்ணி கிளிப்பைப் பிடுங்கி, விரிப்பை ஒரே இழுப்பில் உருவி, நெஞ்சோடு சுருட்டி அணைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்த பிறகே அண்ணன் சாவியைத் திருப்பினார்.